மின்சாரக் காரில் தொலைதூரப் பயணமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடுங்கள்!

தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை என்று வந்துவிட்டால் நம் குடும்பங்களில் பாதி சாலையில்தான் இருக்கும். பெண் கொடுத்த ஊர் ஒரு பக்கம், பெண் எடுத்த ஊர் ஒரு பக்கம், பிறந்து வளர்ந்த தோட்டம் இன்னொரு பக்கம். கிள்ளானில் இருப்பவருக்குக் கெடாவில் உறவு. பிரிக்பீல்ட்ஸில் இருப்பவருக்கு ஜொகூரில் சம்பந்தி. கல்யாணமோ காரியமோ, போகாமல் இருக்க முடியுமா?

இந்தப் பயணத்தில் இப்போது புதிய விருந்தாளி ஒருவர் சேர்ந்திருக்கிறார். அவர்தான் மின்சாரக் கார். 2024 டிசம்பரில் புரோட்டோன் நிறுவனம் இ.மாஸ் 7 என்ற தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டது. 2025 அக்டோபரில் அதைவிடச் சிறிய இ.மாஸ் 5 வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெரோடுவாவும் கியூவி-இ என்ற வண்டியைக் கொண்டுவந்தது. பணக்காரர் வீட்டு வாசலில் மட்டும் நின்ற மின்சாரக் கார், நம் பிள்ளைகளின் கைக்கும் மெல்ல எட்டி வருகிறது.

பள்ளிக்கூடத்துக்கு வரும் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "சார், பையன் கரண்டுக் காடி வாங்கியிருக்கான். பாட்டியையும் ஏத்திக்கிட்டு சுங்கை பட்டாணிக்குப் போகலாம்னு சொல்றான். பாதி வழியிலே நின்னுட்டா என்ன சார் பண்றது?"

நியாயமான கேள்விதான். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் பெட்ரோல் வண்டியில் புறப்படுவதுபோல, "வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பக் கூடாது. மின்சாரத்தை எங்கே ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது, அங்கே முடியாவிட்டால் அடுத்து எங்கே போவது என்ற மூன்றையும் வீட்டிலேயே தீர்மானித்துவிட வேண்டும். அது எப்படி என்று பார்ப்போம், வாருங்கள்.

தண்ணீருக்கு நின்ற ரயிலும் மருந்துக்கடைக்கு நின்ற காரும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நின்று நின்று போவது ஒன்றும் புதிய சங்கதி அல்ல. கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886-ஆம் ஆண்டு ரயில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் எரிபொருளும் தண்ணீரும் இல்லாமல் நகர மாட்டா. ஆகவே எந்த நிலையத்தில் தண்ணீர் பிடிப்பது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும். பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த நம் தாத்தாக்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பெட்ரோல் காரின் கதையும் அப்படித்தான். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றதும் அதே 1886-இல்தான். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தாய் வீட்டுக்குத்தான்! அப்போது பெட்ரோல் நிலையம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் நின்று, துணிக் கறை போக்க விற்ற லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி வண்டிக்கு ஊற்றினார். எஞ்சினைக் குளிர வைக்க வழியெங்கும் தண்ணீருக்கும் நின்றார். போய்ச் சேர்ந்தார், திரும்பியும் வந்தார்.

அந்த அம்மையாருக்கு ஒரு மருந்துக்கடை போதுமாயிருந்தது. நமக்கு அதைவிட நல்ல வசதி இருக்கிறது. ஆனால் பெட்ரோல் நிலையம் போல மூலைக்கு மூலை இல்லை. 2025-க்குள் நாடு முழுவதும் 10,000 மின்னேற்றும் முனைகள் வேண்டும் என்று அரசாங்கம் இலக்கு வைத்தது. அந்த ஆண்டு முடிந்தபோது இலக்கு எட்டப்படவில்லை. இருப்பவற்றிலும் சிலாங்கூர், கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் போன்ற இடங்களில்தான் அதிகம். தோட்டப்புறச் சாலைகளில் அரிது. ஆகவேதான் திட்டம் வேண்டும் என்கிறேன்.

முதலில் கணக்கு

பயப்படாதீர்கள், நான்காம் வகுப்புக் கணக்குதான். வீட்டு மின்கட்டணச் சீட்டில் 'யூனிட்' என்று படிக்கிறோமே, அதுதான் கிலோவாட் மணி. கார் பேட்டரியின் கொள்ளளவும் அதே யூனிட்டில்தான் சொல்லப்படுகிறது. இ.மாஸ் 7 காரின் குறைந்த விலை வகையில் ஏறக்குறைய 50 யூனிட் கொள்ளும். ஒரு முறை நிரப்பினால் 345 கிலோமீட்டர் போகும் என்பது விளம்பரக் கணக்கு. அது சோதனை முறைப்படி எடுத்த அளவு. நெடுஞ்சாலையில் நான்கைந்து பேர், மூட்டை முடிச்சுகள், குளிர்சாதனம், 110 கிலோமீட்டர் வேகம் என்று போகும்போது அந்த அளவு வராது.

நெடுஞ்சாலையில் இத்தகைய கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 16 யூனிட் தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பேட்டரியில் ஒரு சதவீதம் என்பது அரை யூனிட். அரை யூனிட்டுக்கு மூன்று கிலோமீட்டர். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்: ஒரு சதவீதம், மூன்று கிலோமீட்டர். உங்கள் கார் வேறாக இருந்தால் இதே போலக் கணக்கிட்டு உங்கள் எண்ணைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பேட்டரியைக் காலி ஆகும் வரை ஓட்டக் கூடாது. 20 சதவீதத்தை அவசரத்துக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் அரிசிப் பானையின் அடியில் ஒரு படியை எப்போதும் தொடாமல் வைத்திருப்பார்களே, அதுபோல. அப்படியானால் நிறைந்த பேட்டரியில் ஓடக்கூடிய தூரம் 240 கிலோமீட்டர்.

மேல்பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. ரப்பர்ப் பாலை வாளியில் ஊற்றுகிறவர், தொடக்கத்தில் வேகமாக ஊற்றுவார். விளிம்பு நெருங்க நெருங்கக் கையைத் தளர்த்துவார். விரைவு மின்னேற்றியும் அப்படித்தான். 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறும். அதற்கு மேல் பேட்டரி கெடாமல் இருக்க வேகம் குறைந்துவிடும். கடைசி 20 சதவீதத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பாதி வழி போய்விடலாம். வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கும் அது தொல்லை. ஆகவே வழியில் 80 வந்ததும் கழற்றிக்கொண்டு கிளம்புவதே முறை. வழியில் 80-இலிருந்து 20 வரை என்றால் 180 கிலோமீட்டர். நம் திட்டம் முழுவதும் இந்த 240, 180 என்ற இரண்டு எண்களில் அடங்கிவிடும்.

கிள்ளானிலிருந்து சுங்கை பட்டாணிக்கு

இப்போது ஒரு பயணத்தைப் போட்டுப் பார்ப்போம். கிள்ளானிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியாகச் சுங்கை பட்டாணி சுமார் 385 கிலோமீட்டர். 240-ஐத் தாண்டுகிறது, ஆகவே நிற்காமல் போக முடியாது.

முந்தின இரவே கிள்ளானில் 100 சதவீதம் ஏற்றிவிடுங்கள். பயணத்துக்கு முதல்நாள் நிறைய ஏற்றுவதில் தவறில்லை. விடியற்காலையில் புறப்பட்டால் தாப்பா ஓய்வுத்தளம் சுமார் 170 கிலோமீட்டர். 57 சதவீதம் செலவாகியிருக்கும், 43 மிச்சம். அங்கே பசியாறுங்கள், பாட்டி காலை நீட்டி உட்காரட்டும், பிள்ளைகள் கழிவறைக்குப் போய் வரட்டும். விரைவு மின்னேற்றியில் அரை மணிக்குள் 80 ஆகிவிடும்.

தாப்பாவிலிருந்து சுங்கை பட்டாணி இன்னும் 215 கிலோமீட்டர். 180-ஐத் தாண்டுகிறது அல்லவா? ஆகவே இன்னொரு இடத்தில் நிற்க வேண்டும். தைப்பிங் வட்டாரம் அதற்குப் பொருத்தம். தாப்பாவிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர். இடையில் ஈப்போவைத் தாண்டியதும் மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேடு இருக்கிறது. ஏற்றத்தில் சதவீதம் மளமளவென்று குறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம். இறக்கத்தில் கார் தானே மின்சாரம் உண்டாக்கி, செலவானதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். தைப்பிங் சேரும்போது 40 சதவீதம் அளவில் இருக்கும். மறுபடி 80 ஆக்கிக்கொண்டால், மீதி 100 கிலோமீட்டருக்கு 33 போக, சுங்கை பட்டாணியில் 47 சதவீதத்துடன் இறங்குவீர்கள்.

"தைப்பிங்கில் நிற்காமலே போயிருக்கலாமே, 7 சதவீதம் மிச்சம் வருமே?" என்று உங்கள் பிள்ளை கேட்பான். வாலிபர்களின் கணக்கு எப்போதும் அப்படித்தான். அந்த 7 சதவீதத்தோடு போய் இறங்கிய இரவே தாத்தாவுக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வது? உறவினர் வீடு நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தில் இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய் வர நாற்பது கிலோமீட்டர் ஆகலாம். ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று கணக்குப் போடக் கூடாது. ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் ஓர் அவசரத்துக்கு ஓட வண்டியில் மின்சாரம் இருக்க வேண்டும்.

இரண்டாவது கதவு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்: எந்த இடத்தில் மின்னேற்றப் போகிறீர்களோ, அந்த இடம் மூடிக் கிடந்தாலும் அடுத்த இடத்துக்குப் போகப் போதுமான மின்சாரம் கையில் இருக்க வேண்டும்.

மின்னேற்றி பழுதாக இருக்கலாம். பெருநாள் கூட்டத்தில் முன்னால் நான்கு கார்கள் நிற்கலாம். பெட்ரோல் கார் ஒன்று அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கலாம். ஒரே மின்னேற்றியில் இரண்டு கார்கள் மாட்டினால் வேகம் பங்கு போய்விடுவதும் உண்டு. மேலே போட்ட திட்டத்தைப் பாருங்கள். தாப்பாவில் 43 சதவீதத்துடன் இறங்குகிறோம். அங்கே முடியாவிட்டாலும் சுமார் 50 கிலோமீட்டரில் ஈப்போ இருக்கிறது. 17 சதவீதம் போதும். ஒதுக்கிவைத்த 20-ஐத் தொடாமலே போய்விடலாம். இதுதான் இரண்டாவது கதவு. இந்தக் கதவு இல்லாத திட்டம் திட்டமே அல்ல.

எங்கெங்கே மின்னேற்றி இருக்கிறது என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். பிளான்மலேசியா என்னும் அரசாங்கத் துறையின் மெவ்நெட் வரைபடம் ஒன்று. ஓட்டுநர்களே தகவல் எழுதும் பிளக்ஷேர் செயலி இன்னொன்று. ஜெந்தாரி, சார்ஜ்இவி, ஜோம்சார்ஜ், டிஎன்பி எலெக்ட்ரான் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிச் செயலி. இவற்றில் இரண்டு மூன்றையாவது வீட்டிலேயே பதிவு செய்து, பணமும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மின்னேற்றிகளில் கையில் உள்ள நோட்டு செல்லாது. கைப்பேசியில் சார்ஜ் இல்லாமல் போய் நின்றால், காருக்கும் சார்ஜ் இல்லை!

செருகியையும் பாருங்கள். இப்போது இங்கே விற்கும் கார்களில் விரைவு மின்னேற்றத்துக்குச் சிசிஎஸ் 2, மெதுவான மின்னேற்றத்துக்கு டைப் 2 என்பதே வழக்கம். பேரங்காடிகளில் உள்ள மெதுவான மின்னேற்றிகள் சிலவற்றில் கம்பி இருக்காது. உங்கள் கம்பியைக் கொண்டுபோக வேண்டும்.

நெரிசலும் வேகமும்

"பெருநாள் நெரிசலில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டால் பேட்டரி தீர்ந்துவிடாதா?" என்று பலர் அஞ்சுகிறார்கள். நின்றுகொண்டிருக்கும் மின்சாரக் காரில் மோட்டார் சுற்றுவதில்லை. குளிர்சாதனத்துக்கு மணிக்கு ஒரு யூனிட் அளவில்தான் செலவு. மூன்று மணி நேரத்துக்கு 6 சதவீதம். அவ்வளவே. ஒதுக்கிவைத்த 20 சதவீதம் இதற்குத்தான் துணை நிற்கும்.

உண்மையில் பேட்டரியைத் தின்பது வேகம். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு பல மடங்காகப் பெருகும். கணக்கு உதைக்கிறது, அடுத்த இடம் எட்டாது போலிருக்கிறது என்று தோன்றினால், 110-இலிருந்து 90-க்கு இறங்கி இடது பக்கமாகப் போங்கள். மிச்சமாவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். அப்படியும் முடியாமல் நின்றுவிட்டால், வண்டியை அவசரத் தடத்தில் ஒதுக்கி, எல்லோரும் இறங்கித் தடுப்பு வேலிக்கு அப்பால் பாதுகாப்பாக நின்று, பிளஸ் நெடுஞ்சாலையின் 1800-88-0000 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

வண்டியில் யார் யார்?

திட்டத்தைக் காரின் பேட்டரியைப் பார்த்து மட்டும் போடாதீர்கள். வண்டியில் இருப்பவர்களில் யார் பலவீனமானவரோ, அவரைப் பார்த்துப் போடுங்கள். இனிப்பு நீருக்கு ஊசி போட்டுக்கொள்ளும் அம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. அவர் சாப்பிடும் நேரமும் கார் 'சாப்பிடும்' நேரமும் ஒன்றாக அமையட்டும். கைக்குழந்தை இருந்தால் வெட்டவெளியில் தனியாக நிற்கும் மின்னேற்றியை விட, கழிவறையும் வெளிச்சமும் உள்ள ஓய்வுத்தளம் மேல். சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு நாள் குறித்திருப்பவருக்கு ஒரு யோசனை: கே.எல். சென்ட்ரலிலிருந்து சுங்கை பட்டாணிக்கு இடிஎஸ் ரயில் இருக்கிறது. அவர் ரயிலில் வரட்டும், மற்றவர்கள் காரில் வரட்டும். இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

தோட்டத்து வீட்டில் ஓர் எச்சரிக்கை

ஊர் போய்ச் சேர்ந்தாயிற்று. மாமா வீட்டு வாசலில் கார் நிற்கிறது. "ஜன்னல் வழியாக ஒரு ஒயரை இழுத்துச் சொருகினால் ராத்திரி முழுக்க ஏறுமே" என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள்! சாதாரண மூன்று முள் செருகியில் மின்னேற்றுவது, சுமார் 2 கிலோவாட் சுமையைப் பத்து மணி நேரம் ஓயாமல் இழுப்பதாகும். இஸ்திரிப் பெட்டியை இரவு முழுவதும் அணைக்காமல் வைத்தால் எப்படியோ, அப்படி. பழைய லயத்து வீடுகளின் ஒயர்கள் இதற்காகப் போடப்பட்டவை அல்ல. நீட்டிப்புக் கம்பி சூடேறி உருகும். பலகை வீடு தீப்பிடிக்க ஒரு பொறி போதும். ஒரு வரிசையில் ஒரு வீடு எரிந்தால் பக்கத்து வீடுகளின் கதி என்ன?

ஆகவே நீட்டிப்புக் கம்பி வேண்டவே வேண்டாம். அடிக்கடி போகும் வீடு என்றால், உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து ஒயரைச் சோதித்து, தனி இணைப்பும் கசிவுத் தடுப்பானும் வைத்துக்கொள்ளுங்கள். வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானால் முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். முறையாகச் செய்தால் பத்து மணி நேரத்தில் 20 யூனிட் ஏறும். அதாவது 120 கிலோமீட்டர். அந்த வசதி இல்லையென்றால் பட்டணத்துப் பேரங்காடியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பணக் கணக்கு

மின்சாரக் கார் என்றால் செலவே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். 385 கிலோமீட்டருக்கு 62 யூனிட் ஆகும். வீட்டுக் கட்டணத்தில் யூனிட் 45 சென் என்று வைத்தால் 28 வெள்ளி. அதே 62 யூனிட்டையும் நெடுஞ்சாலையில் 1 வெள்ளி 40 சென் வீதம் ஏற்றினால் 87 வெள்ளி. 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 திட்டம் தொடங்கியபோது தகுதியுள்ளவர்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 சென். அந்த விலையில் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் காருக்கு இதே தூரத்துக்கு 46 வெள்ளி போதும்.

புரிகிறதா? மின்சாரக் காரின் ஆதாயம் வீட்டில் மின்னேற்றுவதில்தான் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ, தோட்டத்து வீட்டிலோ மின்னேற்ற வழியில்லாத பிள்ளை, தவணைக்குக் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

புறப்படும் முன் ஒரு தாள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் நிற்கப்போகும் இடம். இரண்டாவதில் அங்கே சேரும்போது இருக்க வேண்டிய சதவீதம். மூன்றாவதில் எத்தனை சதவீதம் வரை ஏற்றுவது. நான்காவதில் இரண்டாவது கதவு, அதாவது மாற்று இடம். எழுதி முடித்ததும் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்து, வழியில் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கணக்கும் வரும், மலாயாவின் ஊர்ப் பெயர்களும் மனத்தில் பதியும். ஏற்றி முடிந்ததும் உடனே வண்டியை நகர்த்துங்கள். சில நிறுவனங்கள் அதற்குமேல் நிற்கும் நேரத்துக்குத் தனிக் கட்டணம் வாங்குகின்றன. அடுத்து நிற்பவரும் நம்மைப் போலவே குடும்பத்தோடு வந்தவர்தானே?

திரும்பி வரும் வழிக்கும் அதே போல ஒரு தாள் எழுத மறந்துவிடாதீர்கள். விடுமுறையின் கடைசி நாளில்தான் தாப்பாவில் வரிசை நீளும். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். மறுநாள் காலையில் பிள்ளைகள் தூக்கம் கலைந்து, நேரத்தோடு பள்ளிக்கூடம் வந்து சேர்வார்கள்.